எழுபத்தோரு மைல்

கிழக்கு ஒரேகனில் ஒரு மாவட்ட ஏலம்.
நாலாயிரத்து இருநூறு டாலருக்கு மேல்
எவரும் கை தூக்கவில்லை.
இரண்டு லட்சம் மைல் ஓடிய ஆம்புலன்ஸ்
எங்கள் தலையில் விழுந்தது.

சைரனைக் கழற்றிக்கொண்டுதான் தருவார்கள்.
சிவப்பு விளக்குகள் இருந்த இடத்தில் எட்டு ஓட்டை,
ராய்ஸ் அடைத்தான்.
முன்னால் போகிறவரின் கண்ணாடிக்காகத்
திருப்பி எழுதிய சொல்லை
நான் சூடுகாட்டிச் சூடுகாட்டி உரித்தேன்.
பசை போனது, எழுத்து போகவில்லை.
பதினெட்டுக் கோடை சுற்றிலும் மங்கடித்திருக்க
எழுத்தின் அடியில் மட்டும் புது வெள்ளை.

வலி மருந்து வைத்த இரட்டைப் பூட்டு அலமாரியில்
இப்போது காப்பித்தூள்.
இரண்டு சாவியும் ராய்ஸிடம்,
அவனை எழுப்பாமல் எனக்குக் காலை கிடையாது.
ஆக்சிஜன் நின்ற இடத்தில் பத்து கேலன் தண்ணீர்.
கூரைக் கம்பியில் வெங்காயம், காலுறை.
பின்கதவுக்கு மேலிருந்த கடிகாரத்தை
வேண்டாமென்று நிறுத்தினோம்,
இரண்டாம் நாளே ஓட விட்டோம்,
முட்டை வேகிற நேரம் தெரியவில்லை.

வெளியே மேலே நானூறு வாட் சோலார்.
மின்கம்பங்கள் சலித்துப்போய் நின்றுவிட்ட இடத்தையும் தாண்டி
எங்களுக்கு விளக்கெரியும்.
ஒன்றுதான் அடங்கவில்லை:
ரிவர்ஸ் எடுத்தால் பீப், பீப்.
எந்த ஒயர் என்று இன்றுவரை அகப்படவில்லை.
ஆளற்ற பாலையில்
முயல்களை எச்சரித்துக்கொண்டே பின்வாங்குகிறோம்.

உள்கூரை பார்க்கச் சகிக்காது.
மஞ்சளேறிய பிளாஸ்டிக். ஒரு பெரிய கறை.
என்ன கறை என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
தேவதாருப் பலகை வாங்கி
கழுத்து பிடித்துக்கொள்ள ஒரு வாரம்
முடுக்கி முடுக்கி மூடினோம்.
மர வாசனை வந்தது.
வீடு என்று சொல்லிப் பார்த்தோம்.

அக்டோபர். சேஜ் புதர்களுக்கு நடுவே
சூப் கொதிக்கையில் ஒரு பிக்கப் வந்து நின்றது.
இது யார் நிலம் என்று கேட்கப்போகிறார், நினைத்தேன்.
இறங்கியவர் வண்டியை ஒரு சுற்று வந்தார்.
பக்கவாட்டில் அழியாமல் கிடந்த ஏழாம் எண்ணைத்
தொட்டார்.
"எழுபத்தோரு மைல்" என்றார்.

மார்ட்டின் எலிசால்டே. பாஸ்க்குக்காரர்.
மூன்று தலைமுறையாகச் செம்மறி.
"டொமினிகாவை இதில்தான் ஏற்றினார்கள். ஜனவரி, பனி.
பின்னாலேயே நான் ஓட்டிப் போனேன்."
நாங்கள் முகத்தைத் தாழ்த்தினோம்.
"அட, சாகவில்லை. பதினோரு வருடம் இருந்தாள்.
பதினோரு வருடமும் ஒரே பேச்சு.
மல்லாந்து போகும்போது
கூரையில் ஓர் ஆட்டுத் தலை பார்த்தாளாம்.
காது, மூக்கு, எல்லாம்.
ஊசி மயக்கம் என்றேன்.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை."

தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே ஏறினார்.
அண்ணாந்தார்.
பலகை.
"நல்ல வேலைப்பாடு" என்றார்,
மரியாதைக்கு.

ராய்ஸ் ஒன்றும் சொல்லாமல்
ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.
ஒரு பலகை. இன்னொன்று.
ஐந்தாவது கழன்றபோது
சூப் அடிப்பிடிக்கிற வாடை.
யாரும் நகரவில்லை.

எலிசால்டே பூட்ஸோடு எங்கள் மெத்தையில் மல்லாந்தார்.
வெகுநேரம்.
தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.
பிறகு
சந்தையில் விலை படியாத ஆள்போல் சொன்னார்:
"பெட்டை இல்லை இது. கிடா.
கொம்பைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள்."

கருகாத பாதியை மூவரும் குடித்தோம்.
அவர் போனபின் ராய்ஸ் திருகாணிகளை எண்ணினான்.
மூன்று குறைந்தது.
அதுதான் காரணம் என்கிறான்,
பலகைகள் இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்க.

இரவில் நானும் மல்லாந்து பார்க்கிறேன்.
காது தெரிகிறது. மூக்கு தெரிகிறது.
கொம்புதான்
இன்னும் பிடிபடவில்லை.